பூனைக்குக் காப்பீடு: விலைக்கா, வைத்தியத்துக்கா?

மும்பையின் முலுண்டுப் பகுதியில் ஓர் அடுக்கக வீட்டை எண்ணிக்கொள்வோம். அங்கே இரண்டு பூனைகள். ஒன்று, இருபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய பாரசீகப் பூனை. மற்றொன்று, மழைக்காலத்தில் வாகன நிறுத்துமிடத்தில் நனைந்து கிடந்த நாட்டுப் பூனைக்குட்டி. இப்போது மூன்று வயதுக் கடுவன். ஓர் இரவு அந்தக் கடுவன் மணல் தட்டுக்கும் கூடத்துக்குமாக ஐந்தாறு முறை நடக்கிறது, குந்துகிறது, முனகுகிறது, சிறுநீர் ஒரு சொட்டும் வரவில்லை. மலச்சிக்கல் என்று நினைத்து வீட்டார் பொழுது விடியட்டும் என்று காத்திருப்பது இயல்பு. ஆனால் இது காத்திருக்கக்கூடிய நோயன்று. ஆண் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகலானது. அது அடைபட்டால் கழிவுகள் இரத்தத்திலேயே தேங்கும், பொட்டாசியம் ஏறும், இரண்டொரு நாளில் இதயம் நின்றுவிடும்.

மயக்க மருந்து கொடுத்து, குழாய் செருகி, சில நாள் மருத்துவமனையில் வைத்து நரம்பு வழியே நீர் ஏற்றினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். குணப்படுத்தக் கூடிய நோய்தான். அதற்கான பணம் அந்த இரவில் கையில் இல்லாத காரணத்தால் ஓர் உயிரைக் கைவிட நேர்வதே கொடுமை. பூனைக் காப்பீட்டைப் பற்றி யோசிப்பவர்கள் இந்த ஓர் இரவை மனத்தில் வைத்துக்கொண்டு யோசிப்பது நல்லது.

நம் நாட்டில் விலங்குக் காப்பீடு மாட்டுத் தொழுவத்தோடு ஒட்டி வளர்ந்தது. கறவை மாட்டுக்குக் கடன் பெற்ற வாடிக்கையாளர்கள் இதனை நன்கு அறிவர். மத்திய அரசின் கால்நடைக் காப்பீட்டுத் திட்டம் 2005-06ஆம் ஆண்டில் 100 மாவட்டங்களில் முன்னோடியாகத் தொடங்கியபோதும் அடிப்படை அதுவே: மாட்டின் சந்தை மதிப்புக்குக் காப்பீடு, மாடு இறந்தால் இழப்பீடு, அடையாளத்துக்குக் காதில் வில்லை. விவசாயிக்கு இது சரியான ஏற்பாடு. மாடு அவருக்கு வருவாய் தரும் சொத்து. அது இறந்தால் கடன் மட்டும் எஞ்சி நிற்கும்.

பூனையின் கதை வேறு. அது இறந்தால் நம் வருவாய் குறைவதில்லை. அது நோயுற்றால்தான் நம் பணம் செலவாகிறது. ஆயினும் வளர்ப்புப் பிராணிக்கான திட்டங்கள் சிலவற்றில் பழைய தொழுவத்தின் வாசனை இன்னும் போகவில்லை. பிராணியின் விலை, இனச் சான்று, மரண இழப்பீடு, காணாமற்போனதற்கான இழப்பீடு ஆகியவை முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும். மருத்துவச் செலவுக்கான உச்சவரம்பு உள்ளே எங்கோ இருக்கும். முலுண்டு வீட்டின் நாட்டுப் பூனைக்குச் சந்தை விலை சுழியம். ஆனால் சிறுநீர் அடைப்பு வந்தால் அதற்கும் பாரசீகப் பூனைக்கும் மருத்துவச் செலவு ஒன்றே. ஆகவே மரண இழப்பீட்டுக்காகப் பிரீமியம் கட்டுவதில் பொருளில்லை என்பது எங்கள் கருத்து. அறுவைச் சிகிச்சைக்கும் மருத்துவமனைச் செலவுக்கும் எவ்வளவு தருவார்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

பாரசீகப் பூனை வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சொல். அந்த இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோய் காணப்படுகிறது. பரம்பரை நோய்களையும் பிறவிக் குறைகளையும் விலக்கி வைக்கும் பத்திரத்தை வாங்கினால், எந்த நோயை எண்ணி அஞ்சினோமோ அதற்கே காப்பு இராது. விலக்குகளின் பட்டியலை முதலில் படித்துவிட்டுப் பிறகு பயன்களின் பட்டியலுக்கு வருவது நலம். கருத்தடை அறுவை, பற்சுத்தம், பேறுகாலம், தடுப்பூசியால் தடுத்திருக்கக்கூடிய நோய் தடுப்பூசி போடாததால் வந்தது ஆகியவை பெரும்பாலும் விலக்கில்தான் இருக்கும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். பின்வரும் தொகைகள் கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் நிலவரத்தை இட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். ஆண்டுப் பிரீமியம் வரியோடு 3,600 ரூபாய். அதாவது மாதம் 300. மேற்சொன்ன அடைப்புக்கு மருத்துவமனைப் பட்டியல் 30,000 ரூபாய். அதில் ஏற்கத்தகாத இனங்கள் என்று 4,000 தள்ளுபடியாகிறது. மீதி 26,000-இல் 20 விழுக்காட்டை நாமே ஏற்க வேண்டும் என்பது பத்திரத்தின் நிபந்தனை, அது 5,200. ஆக நமக்குக் கிடைப்பது 20,800. நாம் ஏற்பது 9,200. இந்த 20,800-ஐ ஆண்டுப் பிரீமியத்தால் வகுத்தால் ஏறக்குறைய ஐந்தே முக்கால் ஆண்டு வருகிறது. அந்தக் காலத்துக்குள் ஒரு முறையேனும் இப்படியொரு செலவு வந்தால் காப்பீடு லாபம், வராவிட்டால் நட்டம். பூனைக்கு நோய் வராத ஆண்டை நட்டம் என்று சொல்வது விந்தைதான்; கணக்கு அப்படிப் பேசும்.

அந்த 300 ரூபாயைத் தொடர் வைப்பில் போடலாமே என்று தோன்றும். வங்கி இதழ் வைப்பைப் பரிந்துரைப்பதில் வியப்பில்லை என்று வாசகர் புன்னகைக்கலாம். ஆனால் இங்கே தொடர் வைப்பின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் 30,000 சேர 100 மாதம் ஆகும். மூன்றாம் மாதமே அடைப்பு வந்தால் கையில் இருப்பது 900 ரூபாய். நோய் நம் தவணைக்காகக் காத்திருப்பதில்லை. ஏற்கெனவே 30,000 அல்லது 40,000 ரூபாயை, வேண்டும்போது உடைத்துக்கொள்ளக்கூடிய குறித்த கால வைப்பில் தனியாக ஒதுக்கி வைக்க இயன்றவர்களுக்குக் காப்பீடு தேவையில்லை என்றே கூறுவோம். மூன்று, நான்கு பூனைகள் உள்ள வீட்டில் ஒவ்வொன்றுக்கும் பிரீமியம் கட்டுவதைவிடப் பொதுவான ஒரு வைப்பு சிக்கனமானது. ஒதுக்க இயலாதவர்களுக்கு, இளம் பூனை இருக்கும்வரையில், காப்பீடு பொருத்தமானது.

‘இளம்’ என்ற சொல்லை வேண்டுமென்றே இட்டோம். நன்கு பேணப்படும் வீட்டுப் பூனை பதினைந்து ஆண்டும் அதற்கு மேலும் வாழும். நாட்பட்ட சிறுநீரக நோய் முதிய பூனைகளையே மிகுதியாகத் தாக்குகிறது. காப்பீட்டு நிறுவனங்களோ சேரும் வயதுக்கும் புதுப்பிக்கும் வயதுக்கும் எல்லை வைக்கின்றன. ஆகவே இளமையில் காப்பீடு எடுத்தவர்களும் முதுமைக்கு வைப்பைத் தொடங்கியாக வேண்டும். தொடர் வைப்பு உண்மையில் பயன்படும் இடம் இதுதான்.

காப்பீடு எடுத்த பலர் மருத்துவமனை வாசலில்தான் அறியும் செய்தி ஒன்று உண்டு. பெரும்பாலான கோரிக்கைகளில் முதலில் நாம் பணம் கட்டி, பற்றுச்சீட்டுகளை அனுப்பி, பிறகு திரும்பப் பெற வேண்டும். அந்த இரவுக்கான ரொக்கம் எப்படியும் நம்மிடமே இருந்தாக வேண்டும். நகை அடகோ கடன் அட்டையோ இடையில் உதவினால், அதன் வட்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அறக்கட்டளை நடத்தும் மருத்துவமனை அருகில் இருப்பதும் கணக்கை மாற்றும். மும்பைக்காரர்களுக்குப் பரேலில் பாய் சக்கர்பாய் தின்ஷா பெடிட் விலங்கு மருத்துவமனை இருக்கிறது. இரவில் அவசர நோயாளியை எங்கே ஏற்பார்கள் என்பதை நோய் வருமுன்னரே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

காலத்தைப் பற்றியும் ஒன்று. அடைப்பு ஒரு முறை வந்த பூனைக்கு மறுபடியும் வருவதுண்டு. முதல் முறைக்குப் பின் பத்திரம் வாங்கினால் அது ‘முன்பே இருந்த நோய்’ ஆகிவிடும். வாங்கிய முதல் சில வாரங்கள் காத்திருப்புக் காலம் என்று விலக்கப்படுவதும் வழக்கம். நோயை மறைத்துப் படிவம் நிரப்புவதை ஒருபோதும் செய்ய வேண்டாம். சிகிச்சைக் குறிப்புகளைக் கேட்கும்போது உண்மை வெளிப்படும், கோரிக்கை முழுவதும் விழுந்துவிடும்.

வரிச் சலுகையை எண்ணி எவரும் வாங்க வேண்டியதில்லை. குடும்பத்தாரின் மருத்துவக் காப்பீட்டுக்குக் கிடைக்கும் வருமான வரிக் கழிவு பூனைக்குக் கிடையாது.

மாட்டுக்குக் காது வில்லைபோலப் பூனைக்கு நுண்சில்லு. அரிசி மணியளவே உள்ள அதைத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்துவார்கள். கருவியால் படித்தால் 15 இலக்க எண் தெரியும். ஒரே நிறத்தில் இரண்டு பூனைகள் உள்ள வீட்டில், நோயுற்றது காப்பீடு செய்த பூனைதானா என்ற ஐயத்துக்கு இது விடை. எண்ணையும் தடுப்பூசி அட்டையின் படத்தையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். கோரிக்கை மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அப்போது மருத்துவமனைப் பட்டியலின் மூலப்படி கேட்கப்படலாம். அதை நிறுவனத்துக்கு அனுப்புமுன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.