தானே செய்யும் பேஸ் கிட்டாருக்கு ஏற்ற பிக்கப் யாது?

மின்சாரக் கிட்டார் வகையுள் மந்தர ஸ்தாயியில் ஒலிக்கும் நால்தந்தி வாத்தியத்தைப் பேஸ் கிட்டார் என வழங்குவர். மரத்தை அறுத்து இழைத்து இதனைத் தம் கையாலேயே செய்துகொள்வோர் பல தேசங்களிலும் உளர். அவர்க்கு மரவேலையினும் மிகுந்த மயக்கந் தருவது பிக்கப் என்னும் உறுப்பைத் தேர்ந்தெடுத்தலேயாம். கடையில் வாங்கிய வாத்தியத்தில் அது முன்னரே அமைந்திருக்கும். தானே செய்பவனோ, ஒரு சுரத்தையேனும் காதாற் கேட்குமுன்பே அதற்குரிய குழியை மரத்தில் வெட்டியாதல் வேண்டும். வெட்டிய குழியை வடுத் தெரியாமல் மூடுதல் எளிதன்று. ஆதலின் உளியை எடுக்குமுன் அறியத்தக்கனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

நம் பண்டை யாழுக்குப் பத்தர் எத்தொழிலைச் செய்ததோ, அத்தொழிலைப் பெரும்பான்மையும் இதில் பிக்கப்பே மேற்கொள்கின்றது. காந்தத்தைச் சுற்றித் தலைமயிர் போன்ற மெல்லிய செப்புக்கம்பி பல்லாயிரம் சுற்றுகளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதன்மேல் எஃகுத் தந்தி அதிர, காந்தப்புலம் அசைந்து சுருளில் மின்சாரம் தோன்றும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. விலங்கின் நரம்பால் முறுக்கிய தந்தியைப் பூட்டினால் இது முற்றும் ஊமையாகிவிடும். காந்தம் அதனை அறியாது. பாட்டரியின் துணையின்றித் தானே தொழில் செய்வதைப் பாஸிவ் பிக்கப் என்பர். சில வாத்தியங்களில் பாட்டரி இருப்பினும், அது உள்ளே வைத்த சிற்றாம்பிளிபையருக்கு உணவாவதன்றிப் பிக்கப்புக்கு உரியதன்று. 1976-இல் வெளிவந்த மியூசிக்மேன் ஸ்டிங்ரே அத்தகையது.

லியோ ஃபெண்டர் என்பார் கலிபோர்னியாவிலுள்ள ஃபுல்லர்டனில் 1951-இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸில் ஒற்றைச் சுருளே இருந்தது. ஒற்றைச் சுருளின் குறை யாதெனில், தந்தியின் அசைவோடு அறையிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்வதாம். 1957-இல் அச்சுருளை இரண்டாகப் பிரித்து, ஒன்று இரு தந்திகளுக்கும் மற்றொன்று ஏனை இரண்டுக்குமாக அமைத்தனர். இரண்டன் சுற்றும் எதிரெதிர். காந்த முனைகளும் எதிரெதிர். இரைச்சல் ஒன்றையொன்று அழிக்க, தந்தியின் ஒலியோ அழியாது நிற்கும்.

நம் நாட்டார் இதனை அற்பமாக எண்ணற்க. இங்கு மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழல்கின்றது. பேஸின் அடித்தந்தியை மூன்றாம் மெட்டில் அழுத்தினால் எழும் சுரம் வினாடிக்கு 49 அதிர்வுகளை உடையது. இரைச்சலும் இசையும் இங்ஙனம் அண்டை வீட்டாராய் இருக்குமிடத்து, ஒன்றை வடிகட்டப் புகுந்தால் மற்றொன்றும் உடன்போம். ஆகவே இரைச்சலைப் பிறக்குமிடத்திலேயே தடுத்தல் வேண்டும்.

1960-இல் வந்த ஜாஸ் பேஸ் இரு பிக்கப்புகளை உடையது. இரண்டையும் ஒப்ப ஒலிக்கவிட்டால் இரைச்சல் அடங்கும். ஒன்றைத் தணித்தால் மீண்டும் தலைகாட்டும்.

இனி, இடத்தைப்பற்றிச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன். பலர் பிக்கப்பின் பெயரில் செலுத்தும் கவனத்தில் காற்பங்கும் அதன் இடத்தில் செலுத்துவதில்லை. அதிரும் தந்தி ஒரு சுரத்தை மட்டும் எழுப்புவதன்று. அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுடைய மேற்சுரங்களையும் உடன் எழுப்பும். ஒவ்வொரு மேற்சுரத்திற்கும் தந்தியில் அசையாத நிலைகள் உண்டு. அந்நிலையின் நேர்கீழே பிக்கப்பை வைத்தால் அம்மேற்சுரம் கேளாது. 34 அங்குலத் தந்தியில் குதிரையிலிருந்து எட்டரை அங்குலம் என்பது சரியாகக் காற்பங்கு. திறந்த தந்தியின் நான்மடங்கு அதிர்வுடைய மேற்சுரம் அவ்விடத்தில் மறையும். மெட்டை அழுத்தத் தந்தி குறுகுதலால் மறையும் சுரமும் மாறும்; ஆதலின் குற்றமற்ற ஒரே இடம் என ஒன்றைத் தேடுதல் வீண். கழுத்தை நெருங்க ஒலி தடிக்கும். குதிரையை நெருங்கத் தெளிவும் கடுமையும் மிகும்.

இதனைச் சோதித்தறிய ஓர் எளிய வழி உண்டு. திண்ணிய பலகையொன்றில் உயர்ந்த இரு குதிரைகளை 34 அங்குல இடைவெளியில் நாட்டி, ஒற்றைத் தந்தியைப் பூட்டி, அதன்கீழ்ப் பிக்கப்பை முன்னும் பின்னும் நகர்த்திக் கேட்பதே அது. ஒரு மாலைப்பொழுதின் வேலை. நல்ல மரம் கெடாது.

விலைப்பட்டியல்களில் ஓம் கணக்கைக் கண்டு மயங்குவோர் பலர். எண் பெரிதாயின் ஒலியும் பெரிது என்பது அவர் கருத்து. அது பொருந்தாது. சுற்று மிகுந்தாலும் ஓம் மிகும். கம்பி மெலிந்தாலும் ஓம் மிகும். ஒரே வகைக் கம்பியால் ஒரே அமைப்பில் செய்த இரண்டை ஒப்பிடும்போதே அவ்வெண் பயன்படும். மேலும் சுற்றுகளைப் பெருக்குதலால் ஒலி உரத்து வருமாயினும், மேற்சுரங்கள் மங்கும். காந்தத்திலும் அங்ஙனமே. அல்னிகோ உயர்ந்தது, ஃபெரைட் தாழ்ந்தது என்னும் வழக்குச் சொல்லை நான் ஏற்கேன். ஃபெரைட் மலிவானதேயன்றி வலிகுறைந்ததன்று.

வெவ்வேறு தொழிற்சாலையாரின் இரு பிக்கப்புகளைக் கலக்க விரும்புவோர், முனைகளைத் திசைகாட்டியால் முன்னர்ச் சோதிக்கக் கடவர். ஒலிகள் எதிர்முகமாயின் மந்தரம் முழுதும் கரைந்து, தகரத்தைத் தட்டினாற்போலக் கேட்கும். ஒன்றன் இரு கம்பிகளை மாற்றிப் பற்றவைத்தால் ஒலி திரும்பும். ஆயினும் இரைச்சலும் அழிதற்கு முனைகளும் எதிராயிருத்தல் வேண்டும். ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒற்றைச் சுருளுக்கும் பிரிந்த சுருளுக்கும் 250 ஆயிரம் ஓமாகவும், ஹம்பக்கருக்கு 500 ஆயிரம் ஓமாகவும் இருத்தல் பெருவழக்கு.

முதன்முறை செய்பவன் எதனைக் கொள்வது? பிரிந்த சுருள் ஒன்றே போதும் என்பேன். இரு பிக்கப்புகள் பலவகை ஒலி தருமென்பது மெய்யே; ஆயினும் இரு குழிகள், மூன்று குமிழ்கள், பிழைக்கு இருமடங்கு வழி. பிரிந்த சுருளோ ஒரு குரலே உடையது எனினும், அக்குரல் பல வாத்தியங்களின் நடுவேயும் தெளிந்து நிற்பது. குழிக்குள் செப்புத் தகடு ஒட்டி, அதனையும் குதிரையையும் தரைக்கம்பியோடு இணைக்க மறவற்க.

வாங்குமுன் தந்திகளின் இடைவெளியை அளந்து, அட்டையில் வெட்டிய மாதிரியைப் பிக்கப் அமையும் இடத்தில் வைத்துப் பார்க்க. பூட்டியபின் அடித்தந்தியைக் கடைசி மெட்டில் அழுத்தி, காந்தத்துக்கும் தந்திக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் விடுக. மெல்லிய தந்திக்கு 2 போதும். அதனினும் நெருங்கினால் காந்தம் தந்தியைப் பற்றி இழுக்கச் சுருதி தடுமாறும். அப்பொழுது பிருடையை எத்துணை முறுக்கினும் பயனில்லை, பிக்கப்பைத் தாழ்த்துவதே வழி.