மாட்டைத் தேடித் தரும் கழுத்துப் பட்டை

மேய்ச்சலுக்குச் சென்ற மாடு அந்திக்குள் வீடு திரும்பாவிடில் குடியானவர்க்கு அன்றிரவு உறக்கமில்லை. இக்கவலையைக் குறைக்கும் கருவியை நம் மாணவர்களே செய்ய இயலும்.

பூமிக்கு மேல் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக் கோள்களில் நான்கின் சமிக்ஞையேனும் கிடைத்தால், பட்டையிலுள்ள கருவி தானிருக்கும் இடத்தைச் சில மீட்டர் பிழைக்குள் கணிக்கும். சிம் அட்டை வழியே கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பும். இடைவிடாது இயங்கினால் மின்கலம் விரைவில் தீரும். ஆதலின் அரைமணிக்கு ஒருமுறை இயங்கச் செய்தால் போதும். ஈரம் புகாத பெட்டியில் வைத்து, இரு விரல் நுழையுமாறு பட்டையைக் கட்டுதல் வேண்டும். இறுகினால் கழுத்து புண்ணாகும்.

கைப்பேசி அலை எட்டாத காட்டிலிருந்து செய்தி வாராது. எனினும் கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து நாம் தேடத் தொடங்கலாம். கருவி மேய்ப்பவருக்குத் துணையே, அவருக்கு ஈடன்று. முதலில் ஒரு மாட்டில் சோதித்துப் பார்க்கப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் மாணவர்களுக்கு உதவுவார்களாக.