தொங்கும் உட்கூரைத் துணியை ஒட்டும் முறை

கிராமங்களில் இன்று கார், ஜீப்பு முதலிய வண்டிகள் பெருகியுள்ளன. இவற்றுள் பல, வேறொருவர் பத்துப் பதினைந்து ஆண்டுகள் உபயோகித்தபின் விற்றவை. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி காணும் பழுது ஒன்று உண்டு. கூரையின் உட்புறத் துணி பிரிந்து, அமர்வோர் தலையில் தட்டும்படி தொங்கும். இது அழகுக் குறைவு மட்டுமன்று. பின்புறக் காட்சியைத் துணி மறைக்குமாயின், பின்னால் வரும் லாரி ஓட்டுபவர் கண்ணுக்குப் புலனாகாது. ஆகவே இப்பழுதை உடனே நீக்குதல் அவசியம்.

துணி பிரிவது ஏன்?

உட்கூரை மூன்று அடுக்குகளால் ஆயது. மேலே வார்க்கப்பட்ட அட்டை. அதன்கீழ் மெல்லிய ஸ்பாஞ்சு. அதனோடு ஒட்டிய துணி. பசை கெடுவதால் துணி விழுகிறது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் கெடுவது ஸ்பாஞ்சே. வெப்பமும் ஈரக்காற்றும் பல ஆண்டுகள் தாக்க, அது பொடியாகிவிடுகிறது. 2018இல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார், கோடையில் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திய கார்களைச் சோதித்தனர். உட்காற்றின் சராசரி வெப்பம் 47 டிகிரி சென்டிகிரேடு. முகப்புப் பலகையின் வெப்பம் 69 டிகிரி. நம் கோடையும் இதற்கு இளைத்ததன்று.

எமது அலுவலக வண்டி ஒன்றில் இவ்வுண்மையை அறியாது, பொடியைத் துடைக்காமலே வெள்ளைப் பசையைத் தடவித் துணியை அழுத்தி வைத்தோம். பங்குனியில் ஒட்டியது சித்திரையில் விழுந்தது. பசை பற்றியது அட்டையை அன்று. அதன்மேல் இருந்த பொடியை. மேலும், வெள்ளைப் பசை சூட்டில் இளகும் இயல்புடையது. தச்சர்கள் மைக்கா ஒட்டும் ரப்பர் பசையின் இனத்தில், மிகுந்த சூடு தாங்கும் என்று டப்பாவில் குறிக்கப்பட்டதே இதற்கு ஏற்றது.

வேலை முறை

1. பாட்டரியின் இணைப்பைக் கழற்றுக. விளக்கு, கைப்பிடி, வெயில் மறைப்பு ஆகியவற்றை நீக்கியபின், இருவர் சேர்ந்து அட்டையை வளைக்காமல் வெளியே எடுக்கவேண்டும்.

2. பழைய துணியை உரித்து, மென்மையான பிரஷ்ஷால் ஸ்பாஞ்சுப் பொடி முழுவதையும் தேய்த்து அகற்றுக. கையால் தடவினால் பொடி ஒட்டாதிருக்க வேண்டும். வேலையின் பெரும்பகுதி இதுவே. கம்பி பிரஷ் கூடாது, அட்டை கிழியும்.

3. ஸ்பாஞ்சு சேர்ந்த புதுத் துணியை, நாற்புறமும் நான்கு விரற்கடை மிகுதியாக வெட்டுக.

4. துணியின் ஸ்பாஞ்சுப் பக்கத்திலும் அட்டையிலும் பசையை மெல்லியதாகப் பூசுக. டப்பாவில் கண்ட நேரம் காத்திருந்து, விரலால் தொட்டால் பசை விரலில் ஒட்டாத பதத்தில் சேர்க்கவேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒட்டினால் பிடிப்பு இராது.

5. நடுவில் தொடங்கி, ஓரங்களை நோக்கி உள்ளங்கையால் நீவுக. ரப்பர் பசை உடனே பற்றிக்கொள்ளும். பின் நகர்த்த இயலாது. மிகுதித் துணியை அட்டையின் பின்புறம் மடித்து ஒட்டி, ஒரு நாள் நிழலில் வைத்தபின் வண்டியில் பொருத்துக.

கதவு அட்டையில் பிரிந்த ரெக்சினுக்கும் இம்முறையே பொருந்தும்.

எச்சரிக்கை

ரப்பர் பசையின் ஆவி எளிதில் தீப்பற்றும்; முகர்ந்தால் தலை சுற்றும். ஆகவே திறந்த வெளியிலேயே வேலை செய்க. பீடி, அடுப்பு முதலியவை அருகில் கூடா. குழந்தைகளைச் சேர்க்கலாகாது. பொடி தட்டும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்க.

மற்றொன்று மிக முக்கியம். சில கார்களில், கதவுகளுக்கு மேலே உட்கூரையின் ஓரத்துக்குப் பின்னால் ஏர்பேக் என்னும் காற்றுப்பை மடித்து வைக்கப்பட்டிருக்கும். விபத்து நேருங்கால், அது கண்ணிமைப்பதற்குள் ஓரத்தைத் தள்ளிக்கொண்டு விரியவேண்டும். அவ்வோரத்தைப் பசையிட்டோ ஆணியடித்தோ இறுக்கினால், உயிர் காக்கும் பை தடைப்படும். பக்கத் தூண்களில் ஏர்பேக் என்னும் குறிப்பைக் கண்டால், அவ்வண்டியைப் பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடமே ஒப்படைக்கவேண்டும்.

நிலத்தை நன்கு பண்படுத்தாமல் விதைப்பவர் விளைச்சலை எதிர்பார்ப்பதில்லை. ஒட்டும் வேலையும் அத்தகையதே. துடைப்பதிலும் காத்திருப்பதிலும் செலவிடும் ஒரு பகற்பொழுது, பல ஆண்டுகளுக்குப் பயன் தரும்.