கூன்வண்டும் அதன் குடியிருப்பாளரும்

அரிசி மூட்டையைப் பிரித்ததும் ஊர்ந்தோடும் கூன்வண்டை அறியாத அங்கத்தினர் எவரும் இரார். விவசாயிக்குக் கிடங்கிலும் நெசவாளருக்கு வீட்டு அரிசிப் பானையிலும் அது நஷ்டம் விளைவிக்கிறது.

பெண்வண்டு தன் நீண்ட மூக்கினால் மணியைத் துளைத்து, ஒரு முட்டையிட்டு, பசை போன்ற பொருளால் துளையை மூடிவிடுகிறது. புழு அம்மணிக்குள்ளேயே தின்று வளர்ந்து, வெப்பமான காலத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் வண்டாக வெளிவருகிறது. அரிசியில் மாவுச்சத்து மிகுதி. உடலைக் கட்டும் சத்துக்களோ குறைவு. இவ்வெளிய உணவைக் கொண்டு அத்துணை உறுதியான ஓட்டை வண்டு எங்ஙனம் உண்டாக்குகிறது?

அதன் உடலில் சில தனி உயிரணுக்களுக்குள் சோடாலிஸ் என்னும் பாக்டீரியா குடியிருக்கின்றது. ஓடு இறுகிக் கருமை பெறுவதற்கு வேண்டிய டைரோசின் முதலிய அமினோ அமிலங்களை அதுவே ஆக்கித் தருகிறது. பாக்டீரியா நீக்கப்பட்ட வண்டுகளை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தனர். அவற்றின் ஓடு மெலிந்தும் வெளிறியும் இருந்தது.

ஆனால் பூச்சிக்கும் நோய்த்தடுப்பு ஆற்றல் உண்டு. உடலிற் புகும் கிருமிகளைக் கொல்லும் புரதங்களை அது சுரக்கிறது. அங்ஙனமாயின் இக்குடியிருப்பாளர் மட்டும் தப்புவது எவ்வாறு? 2011-ஆம் ஆண்டில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் முன்னின்று வெளியிட்ட ஆராய்ச்சி இதனை விளக்கிற்று. கோலியாப்டெரிசின் என்னும் கிருமிக்கொல்லிப் புரதம் அவ்வுயிரணுக்களில் இடைவிடாது சுரந்து, பாக்டீரியாவைக் கொல்லாமல், அது பிளந்து பெருகுவதை மட்டும் தடுக்கின்றது. பிளவுபட இயலாத பாக்டீரியா நூலிழைபோல் நீண்டு விடுகிறது. அப்புரதம் உண்டாகாதபடி செய்தபோது, பாக்டீரியா தன் இருப்பிடத்தை விட்டு வெளியேறி மற்றத் திசுக்களிலும் பரவிற்று. பகைவரைக் கொல்லும் ஆயுதமே இங்கு வேலியாக நிற்கிறது.

இதனினும் வியப்பானது 2014-இல் வெளிவந்தது. இளவண்டில் பாக்டீரியா பன்மடங்கு பெருகுகிறது. ஓடு முற்றியதும், வண்டின் உயிரணுக்களே குடலைச் சார்ந்த பாக்டீரியாவை முழுவதும் செரித்து விடுகின்றன. உழுது முடிந்த மாட்டை அடித்துத் தின்பது போன்ற செயல்தான்! பெண்வண்டின் சூலகத்தில் உள்ளவை மட்டும் எஞ்சி, முட்டை வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்கின்றன.

அங்கத்தினர்கள் இதிற் கவனிக்க வேண்டியது ஓட்டைத்தான். உலர்ந்த தானியத்தில் வாழும் வண்டின் உடல் ஈரத்தைக் காப்பது ஓடும் அதன்மேற் படிந்துள்ள மெழுகும் ஆகும். விதைத் தானியத்தில் சாம்பல் கலந்து வைக்கும் பழைய வழக்கம் பொருளற்றதன்று. நுண்ணிய தூள் அம்மெழுகைச் சிதைக்க, வண்டு ஈரம் இழந்து மடிகிறது. உமி பிளவாத நெல்லில் இவ்வண்டு எளிதிற் புகாது. ஆகவே உடனே தேவைப்படாததை அரிசியாக்காமல், நன்கு காயவைத்த நெல்லாகவே கிடங்கில் வைத்தல் நன்று. பழைய சாக்குகளை வெயிலில் உதறிக் காயவைத்த பின்னரே புதுத் தானியத்தை அவற்றில் நிரப்புக.