பச்சரிசியும் புகைப்படமும்



கல்யாண வீடாயினும் கோயில் திருவிழாவாயினும் இன்று படம் எடுக்காத கை இல்லை. ஸ்டூடியோவிற்குச் சென்று, தலைவாரி, மூச்சை அடக்கி நின்று எடுத்துக்கொண்ட படத்தை இப்போது கைப்பேசி ஒரு நொடியில் எடுத்துவிடுகிறது. ஆனால் அந்தப் படம் எவ்வாறு உருவாகிறது, அதில் நாம் காண்பது உள்ளபடியான காட்சிதானா என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. புகைப்படத்தைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பயிலும் ‘ரா’ என்னும் முறையைப் பற்றி நான் கற்றதை இங்கே கூற விரும்புகிறேன்.

‘ரா’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பச்சையானது, சமைக்காதது என்று பொருள். நம் வீட்டுப் பச்சரிசியை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பொங்கலாக்கலாம்; மாவாக இடித்துப் புட்டு அவிக்கலாம்; குழையவோ உதிரியாகவோ சோறாக்கலாம். ஆனால் சோறாகிவிட்டதை மீண்டும் அரிசியாக்க எவராலும் இயலாது. கைப்பேசி நமக்கு வழக்கமாகத் தரும் ‘ஜேபெக்’ படம் சோறு. ரா கோப்போ பச்சரிசி.

இதனைச் சற்று விளக்குவேன். பழைய காமிராவில் பிலிம் இருந்த இடத்தில் இன்று ஒளியுணரி இருக்கிறது. அதில் கோடிக்கணக்கான நுண்ணிய ஒளிக்குழிகள் உள்ளன. மழை நாளில் முற்றத்தில் வரிசையாகக் குடங்களை வைத்தால் ஒவ்வொன்றிலும் விழுந்த நீரை அளந்து சொல்லலாம் அல்லவா? அதுபோல ஒவ்வொரு குழியும் தன்மேல் விழுந்த ஒளியை அளந்து ஓர் எண்ணாகத் தருகிறது. ஆனால் குழிக்கு நிறம் தெரியாது. ஆதலால் ஒவ்வொன்றின் மீதும் ஒரு நிற வடிகட்டி வைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலான காமிராக்களில் நான்கு குழிகளுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம் என்பது கணக்கு. கோடாக் நிறுவனத்தின் விஞ்ஞானியான பிரைஸ் பேயர் இவ்வமைப்பைக் கண்டுபிடித்தார். 1976ஆம் ஆண்டு இதற்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் கண் பச்சை ஒளியில்தான் நுட்பமாகக் காண்கிறது என்பதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு.

இந்த எண்களை அப்படியே சேமித்து வைப்பதே ரா கோப்பு. ஜேபெக் படமோ காமிராவே சமைத்துத் தருவது. நிறம் இவ்வளவு, வெளிச்சம் இவ்வளவு, கூர்மை இவ்வளவு என்று தானே முடிவு செய்து, தேவையில்லை என்று கருதியதை எறிந்துவிட்டுச் சுருக்கிக் கொடுக்கிறது. ஜேபெக் படத்தில் ஒவ்வொரு நிறத்திற்கும் 256 படிகள் மட்டுமே உண்டு. 12 பிட் ரா கோப்பில் 4096 படிகளும், 14 பிட் கோப்பில் 16384 படிகளும் உள்ளன. இருட்டுக்கும் வெளிச்சத்திற்கும் இடையே எவ்வளவு நுட்பம் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்!

இவ்விஷயத்தில் எனக்கு ஆர்வம் பிறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் அப்பாயி இறைவனில் இளைப்பாறியபின், முப்பதாம் நாள் திருப்பலிக்காக ஒரு ஸ்டூடியோவில் அவர் படத்தைப் பெரிதாக்கச் சொன்னோம். வந்த படத்தில் அப்பாயி சிவப்பாக இருந்தார். சுருக்கம் ஒன்றுகூட இல்லை. அடுப்பில் சுட்டு, புருவத்தின்மேல் இருந்த தழும்பும் இல்லை. அழகாக இருக்கட்டும் என்றுதான் அவர்கள் செய்திருக்க வேண்டும். ஆனால் என் தம்பி அதைப் பார்த்து, “இது யாரு?” என்று கேட்டான். அப்பா ஒன்றும் பேசவில்லை.

என் சித்தப்பா விடுமுறை நாட்களில் காமிராவும் கையுமாக இருப்பவர். அப்பாயி கொல்லைவாசலில் அமர்ந்து முறத்தில் அரிசி புடைப்பதை முன்பொருநாள் அவர் எடுத்திருந்தார். பின்னால் வெயில் அடித்ததால் முகம் ஒரே இருட்டு. எதற்கும் உதவாது என்று ஒதுக்கிய படம் அது. ஆனால் ரா கோப்பு இருந்தது. ‘டார்க்டேபிள்’ என்னும் இலவச மென்பொருளில் அதைத் திறந்து, நிழற்பகுதியை மட்டும் சிறிது சிறிதாக உயர்த்தினார். இருட்டிலிருந்து அப்பாயியின் முகம் மெல்ல மேலே வந்தது. அதே கறுப்பு நிறம், அதே சுருக்கங்கள், அதே தழும்பு. அவை அனைத்தும் அந்தக் கோப்பினுள் அதுவரை காத்திருந்தன. அன்றே எனக்கும் கற்றுத் தாருங்கள் என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

அவர் கற்றுத் தந்த வரிசை இது. முதலில் வெள்ளைச் சமநிலை: குண்டு விளக்கின் கீழ் வெள்ளைத் துணியும் மஞ்சளாகத் தெரியும், அதை வெள்ளையாக்கினால் மற்ற நிறங்களும் தம் இடத்திற்கு வந்துவிடும். இரண்டாவது, மொத்த வெளிச்சம். மூன்றாவது, மிகுந்த வெளிச்சத்தையும் ஆழ்ந்த நிழலையும் தனித்தனியே சரிசெய்தல். கடைசியில் கூர்மையும், வேண்டாத ஓரங்களை வெட்டுதலும். இவை எதுவும் மூலக் கோப்பைத் தொடுவதில்லை. நாம் செய்த மாற்றங்கள் மட்டும் ஒரு குறிப்பாகத் தனியே சேமிக்கப்படுகின்றன. எவ்வளவு தவறு செய்தாலும் முதலிலிருந்து தொடங்கலாம்.

ஆயினும் ரா கோப்பு மந்திரமன்று. குடம் நிரம்பி வழிந்தபின் எவ்வளவு மழை பெய்தது என்று எப்படி அறிவது? அளவுக்கு மீறிய ஒளியால் குழி நிரம்பிவிட்டால் அங்கே வெறும் வெள்ளைதான். எந்த மென்பொருளாலும் அதை மீட்க இயலாது. மிக இருட்டில் எடுத்ததை உயர்த்தினாலோ மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும். ஆகவே எடுக்கும்போதே கவனமாக எடுக்க வேண்டும்.

சித்தப்பாவும் அவர் நண்பர்களும் ஞாயிறன்று தாம் எடுத்த படங்களைப் பகிர்ந்துகொள்வார்கள். அவை பெரிய காட்சிகள் அல்ல. டீக்கடைப் பாய்லர், கொடியில் காயும் சீருடை, பேருந்து நிலையத்தில் தூங்கும் பூக்காரி போன்றவைதாம். ஒருவர் தம் ரா கோப்பைக் கொடுப்பார். மற்றவர்கள் தத்தம் விருப்பப்படி அதை உருவாக்கிக் காட்டுவார்கள். ஒரே கோப்பிலிருந்து ஐந்து பேருக்கு ஐந்து படங்கள்! ஒருவருக்கு அது அதிகாலை, மற்றவருக்கு அந்திமாலை. அங்கே நின்று எடுத்தவரிடமே, “உண்மையில் எப்படி இருந்தது?” என்று இறுதியில் கேட்பார்கள். இக்கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அப்படியானால் எதுவரை திருத்தலாம்? இக்கேள்வி கணினியோடு பிறந்ததன்று. நம் தஞ்சைப் பெரிய கோயிலையும் மதுரைக் கோயிலையும் 1858இல் படமெடுத்தவர் சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரரான கேப்டன் லின்னேயஸ் ட்ரைப். அக்கால நெகட்டிவிலிருந்து எடுக்கும் பிரதியில் நீலவானம் வெறும் வெள்ளையாகவே விழும். எனவே அவர் சில நெகட்டிவ்களின் மீது வண்ணம் தீட்டி மேகங்களை உண்டாக்கினார். அமெரிக்கரான ஆன்ஸல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் என்னும் சிற்றூரில் ஒரு படமெடுத்தார். மேலே நிலவு, கீழே கல்லறைத் தோட்டத்தில் வெள்ளைச் சிலுவைகள். அவர் பல ஆண்டுகள் அதே நெகட்டிவிலிருந்து பிரதிகள் எடுத்தார். முதலில் எடுத்தவற்றைவிடப் பின்னர் எடுத்தவற்றில் வானம் மிகக் கறுத்திருக்கும். ஆடம்ஸ், பதிந்திருந்த ஒளியைக் கூட்டியும் குறைத்தும் காட்டினார். ட்ரைப், பதியாததைச் சேர்த்தார். ஸ்டூடியோக்காரரோ இருந்ததை அழித்தார். மூன்றும் ஒன்றாகா.

செய்திப் படங்களுக்கு இவ்விதி இன்னும் கடுமையானது. ‘வேர்ல்டு பிரஸ் போட்டோ’ என்னும் உலகப் போட்டியில் இறுதிச் சுற்றுகளை எட்டும் படங்களுக்கு மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். ரா கோப்பு அங்கே சாட்சியாக நிற்கிறது.

திருத்தாத படமே உண்மை என்று சிலர் கூறுவர். அது சரியன்று. சமைக்காத ரா எண்களை அப்படியே பார்த்தால் மங்கலாகவும் பச்சை படிந்ததாகவுமே தெரியும். யாராவது சமைத்தே ஆகவேண்டும். நாம் செய்யாவிட்டால் காமிரா செய்யும். பல கைப்பேசிகள் நம்மைக் கேளாமலே முகத்தை வழவழப்பாக்கி வெளுக்க வைக்கின்றன. அதைப் பார்த்துப் பார்த்து, கண்ணாடியில் தெரியும் நம் சொந்த முகமே நமக்குக் குறையாகத் தோன்றுகிறது. தோழியரே, நம் வகுப்பில் எத்தனை பேர் தம் படத்தைப் பார்த்து, “கறுப்பா இருக்கேன், அழிச்சிடு” என்று சொல்லியிருக்கிறோம்! நானும் சொன்னவள்தான்.

உங்கள் வீட்டுக் கைப்பேசியில் ரா வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாள்தோறும் ஒரு படம் எடுத்துப் பழகுங்கள். பிறரை எடுத்தால் அவர் அனுமதி பெற்றே பகிருங்கள். மூலக் கோப்பை அழிக்காதீர்கள். திருத்தும்போது, “இது அங்கே இருந்ததா?” என்று ஒருமுறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இறைவன் முதலில் ஒளியைப் படைத்து, அது நல்லதென்று கண்டார் எனத் தொடக்க நூல் கூறுகிறது. அவ்வொளி நம் ஒவ்வொருவர் முகத்திலும் எப்படி விழுகிறதோ, அப்படியே நல்லது. எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது முறத்துடன் இருக்கும் அப்பாயி படம்தான் மாட்டப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து யாரென்று என் தம்பி கேட்பதில்லை.