அடைமழைக்கு முன் டீசல் பில்டரில் தண்ணீர் எடுப்போம்

ஐப்பசி பிறந்தால் நமக்கு இரண்டு அவசரங்கள் ஒன்றாக வருகின்றன. ஒன்று தீபாவளிச் சரக்கு. மற்றொன்று வடகிழக்குப் பருவமழை. இந்த நேரத்தில் லோடு வண்டி வழியில் நின்றால் சர்க்கரையும் பருப்பும் தீப்பெட்டியும் நனையும். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

நாரணாபுரம், சிவகாசி, விருதுநகர் எல்லாம் வானம் பார்த்த பூமி. இங்கே டீசலில் தண்ணீர் ஏது என்று நாம் நினைப்பதுண்டு. டேங்கில் டீசல் குறையக் குறைய அந்த இடத்தைக் காற்று நிரப்புகிறது. மழைக்காலக் காற்றில் ஈரம் அதிகம். இரவில் டேங்க் குளிரும்போது அந்த ஈரம் உட்சுவரில் வியர்த்து டீசலில் இறங்குகிறது. தேய்ந்துபோன மூடி ரப்பர் வழியாகவும், மழைநீர் புகுந்த பங்க் தொட்டியிலிருந்தும் தண்ணீர் வரலாம்.

ஒரு லிட்டர் டீசல் ஏறக்குறைய 830 கிராம். தண்ணீரோ 1000 கிராம். ஆகவே தண்ணீர் அடியில் தங்கும். அதைப் பிடித்து வைக்கவே பெரும்பாலான டீசல் பில்டர்களின் அடியில் ஒரு கிண்ணமும் திருகும் இருக்கின்றன. கிண்ணம் நிறைந்தால் தண்ணீர் பம்புக்குப் போகும். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் டீசலே எண்ணெய்ப் பசை தருகிறது. தண்ணீர் போனால் அவை துருப்பிடித்துத் தேயும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் வந்த பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் டீசல் 1000 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. லாரி டயர் காற்றைப் போல் இது நூறு மடங்குக்கும் மேல். அந்த இன்ஜெக்டர்களை மாற்றும் செலவு பல லோடுகளின் லாபத்தை விழுங்கிவிடும்.

செய்ய வேண்டியவை:

1. இரவு முழுதும் நின்ற வண்டியை, காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் பார்க்கவும். அப்போதுதான் தண்ணீர் நன்கு அடியில் இறங்கியிருக்கும்.

2. பில்டருக்கு அடியில் கண்ணாடிப் பாட்டிலைப் பிடித்து, திருகைச் சற்றுத் தளர்த்தவும். கலங்கல் நீர் போய், தெளிந்த டீசல் வந்ததும் இறுக்கவும்.

3. கைப்பம்பு உள்ள வண்டியில் அதை அழுத்தி ஏர் எடுக்கவும். மற்ற வண்டிகளுக்குக் கம்பெனிப் புத்தகத்தில் உள்ளபடி செய்யவும். கசிவு இல்லையென்று பார்த்தபின் ஸ்டார்ட் செய்யவும்.

4. மழை மாதங்களில் மாதம் ஒருமுறை இதைச் செய்வது நல்லது. டேஷ்போர்டில் பில்டர் தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றே செய்யவும்.

5. இரவில் வண்டியை நிறுத்துமுன் டேங்கை நிரப்பவும். டேங்கர் லாரி அப்போதுதான் டீசல் இறக்கிய பங்கில் போட வேண்டாம், அடிக்கசடு கலங்கியிருக்கும்.

நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை: பட்டாசு, தீப்பெட்டி லோடு வண்டியில் இருக்கும்போதோ குடோன் அருகிலோ இந்த வேலை கூடாது. எடுத்த டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல் கேனில் மூடி வைத்து மெக்கானிக்கிடம் கொடுத்துவிடலாம்.

வேலை பத்து நிமிடம்தான். டிரைவர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல், எடுத்த தேதியைக் கணக்கு நோட்டிலேயே குறித்து வருவோம்.