நோவுக்கு இரண்டு குளுசைகள்: மாறி மாறி எடுக்கலாமா?

பல்நோ, சுளுக்கு, வலை இழுத்த தோள்மூட்டு நோ என்று வந்தால், பேசாலையிலும் வங்காலையிலும் நாம் முதலில் தேடுவது பனடோலைத்தான். அது கேட்காவிட்டால் புறூபன் தேடுகிறோம். இரண்டையும் மாறி மாறி எடுக்கலாமா என்பதே இப்பாடத்தின் கேள்வி.

பனடோலில் இருப்பது பரசிற்றமோல். இது பெரும்பாலும் மூளையிலும் முண்ணாணிலும் நோவுணர்வைத் தணிக்கிறது. புறூபனில் இருப்பது ஐபுபுரோபன். காயப்பட்ட இடத்தில் வீக்கத்தையும் நோவையும் உண்டாக்கும் புரொஸ்ராகிளான்டின் உருவாவதை இது தடுக்கிறது. வழிகள் வேறு என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. ஒன்றின் வேகம் குறையும்போது மற்றது தொடங்குவதே மாறி மாறி எடுப்பதன் பயன். நேரக்கணக்குத் தவறுவதே அதன் ஆபத்து.

கணக்கு

50 கிலோவுக்கு மேற்பட்ட, வேறு நோயில்லாத வளர்ந்தவருக்கு:

காலை 6, பகல் 12, மாலை 6: பரசிற்றமோல் 500 மி.கி. குளுசை இரண்டு.
காலை 9, பிற்பகல் 3, இரவு 9: உணவுக்குப் பின் ஐபுபுரோபன் 400 மி.கி.

24 மணித்தியாலத்தில் பரசிற்றமோல் 8 குளுசையையும், ஐபுபுரோபன் 1200 மி.கிராமையும் தாண்டலாகாது. எடுத்த நேரத்தைக் கலண்டரில் எழுதுவோம். தடிமன் குளுசைகள் பலவற்றிலும் பரசிற்றமோல் உண்டு, அதையும் எண்ணவேண்டும். டைக்குளோபெனக் புறூபனின் இனமே, இரண்டையும் சேர்க்கலாகாது. பிள்ளைகளுக்கு அளவு நிறையைப் பொறுத்தது; வைத்தியரே சொல்லவேண்டும்.

எப்போது புறூபன் கூடாது?

வயிற்றுப்புண், சிறுநீரக நோய், இருதய நோய் உள்ளோரும், குருதி உறையாதிருக்க மருந்தெடுப்போரும், கர்ப்பிணிகளும், புறூபனால் முட்டு கூடுவோரும் வைத்தியரைக் கேளாமல் எடுக்கலாகாது.

நாள் முழுதும் வெயிலில் கடலில் நின்று, தண்ணீர் குறைந்து கரை சேர்ந்தவரும் உடனே எடுக்கலாகாது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குக் குருதி போக உதவுவதும் அதே புரொஸ்ராகிளான்டின்தான். அதைத் தடுத்தால் சிறுநீரகம் பழுதடையலாம்.

மாரியில் காய்ச்சலோடு உடல் நொந்தால் டெங்கு என்றே ஐயுறவேண்டும். 2017இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். டெங்குவில் புறூபன், டைக்குளோபெனக், அஸ்பிரின் ஆகியவை குருதிப்பெருக்கைக் கூட்டும். அப்போது அளவான பரசிற்றமோல் மட்டுமே.

அளவு மீறினால்

பரசிற்றமோல் மிகுந்தால் ஈரல் பழுதாகும். முதல் நாளில் நோயாளி சுகமாகவே தோன்றுவார், அதை நம்பலாகாது. மாற்றுமருந்து 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால் நன்கு காக்கும். தலைமன்னாரிலோ அரிப்பிலோ இருந்து வைத்தியசாலைக்குத் தூரம் உண்டு. ஆகவே காத்திராமல் 1990 அம்புலன்ஸை அழைப்போம்.

நெஞ்சு நோவைக் குளுசையால் அடக்கலாகாது. உடனே வைத்தியசாலை செல்லவேண்டும். வேறு நோவும் மூன்று நாளில் குறையாவிடில் வைத்தியரைக் காண்போம்.

கலந்துரையாடுவோம்

1. நம் வீட்டிலுள்ள குளுசைகளில் எவற்றில் பரசிற்றமோல் இருக்கிறது?
2. கடலால் வருவோர் முதலில் குடிக்கத் தண்ணீருக்கு நாம் என்ன ஒழுங்கு செய்யலாம்?